நடுவில் நின்ற முள்

என் அண்ணன் செத்த அன்றைக்கு அவனுடைய வண்டியில் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நின்றது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது, வண்டி நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டது. முள் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை அப்படிச் சொல்ல வைத்தவன் நான். இவ்வளவும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மீதியையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் வயதாகிறது, வாயை மூடிக்கொண்டு இருப்பது முன்போல் லேசாக இல்லை.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் எனக்கு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் லேத்துப் பட்டறை, அந்தப் பக்கம் பஞ்சர் கடை, எதிரே டிங்கரிங். தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற வேன், மிளகாய் மூட்டை ஏற்றுகிற லாரி, டிராக்டர், மினி பஸ் எல்லாம் வரும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் எங்கள் வரிசையில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எஃப்சிக்கா, ஓட்டவா?"

எஃப்சி என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று இன்ஸ்பெக்டர் பார்த்துக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் வாடகைக்கு வண்டி ஓட்ட முடியாது. ஓட்டுவதற்கு என்று சொன்னால் வயரை மாற்றி, மீட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். எஃப்சிக்கு என்றால் ஒரு பத்து நிமிஷம் எல்லா விளக்கும் எரிந்து எல்லா முள்ளும் எழுந்து நின்றால் போதும். டெம்பரேச்சர் மீட்டருக்கு ஒரு ரெசிஸ்டர் போடுவோம். ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும், நிலக்கடலை அளவுதான் இருக்கும். மீட்டருக்குப் பின்னால் அதைக் கோத்துவிட்டால், சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து நடுவில் வந்து நிற்கும். இஞ்சின் பச்சைத் தண்ணீராக இருந்தாலும் நடுவில்தான், அடுப்பாக எரிந்தாலும் நடுவில்தான்.

எங்களுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு, சிரிக்காதீர்கள். எஃப்சி முடிந்து வண்டி திரும்பியதும் அந்தப் பொய்யைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற நேரமில்லை என்றால் மீட்டர் கண்ணாடியின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி மறைத்துவிட வேண்டும். "கண்ணக் கட்டிட்டியா?" என்று பட்டறைக்குப் பட்டறை விசாரித்துக்கொள்வோம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. டேப் ஒட்டிய மீட்டரை எங்கள் வட்டாரத்து டிரைவர் எவனும் நம்ப மாட்டான். வெளியூரில் ஓட்டியவனுக்கு அது தெரியாது, வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் தெரியாது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். புதூருக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்த ஊரிலேயே இருந்தான். மூன்று கை மாறிய பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, உளுந்து, மிளகாய், பருத்தி, ஆடு என்று கிடைத்ததை ஏற்றினான். ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ்தான். ஆம்புலன்ஸ் என்ற ஒன்றைப் பேப்பரில்தான் பார்த்திருந்தோம். பிரசவ வலி கண்டவள், பாம்பு கடித்தவன், சண்டையில் மண்டை உடைந்தவன், யாராக இருந்தாலும் அண்ணன் வண்டியில்தான் போக வேண்டும். அவன் வண்டியிலேயே மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. அதைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அவ்வளவு பெருமை.

அந்த வண்டிக்கு இருந்த சீக்கு ரேடியேட்டர். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் இரண்டு மைல் தள்ளியிருந்து குடத்தில் வர வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே எல்லாம் அடைத்துவிட்டது. நல்ல தண்ணீரை ஊற்றேன் அண்ணே என்றால் சண்டைக்கு வருவான். "பிள்ளைக குடிக்க வச்சிருக்க தண்ணியவா இந்தச் சனியனுக்கு ஊத்தச் சொல்லுத?" அதனால் பத்து மைல் ஓடினால் வண்டி கொதிக்கும். அண்ணன் மூக்கை உறிஞ்சுவான், ஓரங்கட்டுவான், பின்னால் கிடக்கிற கேனை எடுத்து ஊற்றுவான், கிளம்புவான். மீட்டரைப் பார்த்து ஓட்டுகிறவனைக் கண்டால் அவனுக்குக் கேலி. "எனக்கு முள்ளு எதுக்குலே? அதான் மூக்கு இருக்கே" என்பான்.

அந்த வருஷம் ஆவணியில் எஃப்சிக்குக் கொண்டுபோன இடத்தில் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு முள்ளும் அசையவில்லை, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாமல் என் முன்னால் ஏன் கொண்டுவந்து நிறுத்துகிறாய் என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது. மறுநாள் காலையில் திரும்பக் காட்ட வேண்டும். அண்ணன் நேராக என் கடைக்கு வந்து நிறுத்தினான்.

நான் வேண்டுமென்றே கேட்டேன். "எஃப்சிக்கா, ஓட்டவா?"

"கொழுப்புலே உனக்கு. ரெண்டுக்குந்தான்" என்றான்.

அன்றைக்கு முழுக்க வேறு வண்டியைத் தொடவில்லை. மீட்டர் பெட்டியை வெளியே இழுத்தால் உள்ளே எலி பருத்தியைக் கொண்டுவந்து மெத்தை போட்டிருந்தது. வயரில் பாதியைக் கடித்து வைத்திருந்தது. கரிசல் புழுதி மாவாகப் படிந்து கிடந்தது. எர்த் வயர் துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்தது. மீட்டர் தகராறில் முக்கால்வாசி எர்த் தகராறுதான். அதைச் சுரண்டிப் புது வயர் போட்டதும் பாதி விளக்குகள் தானாகவே எரிந்தன. பல்புகளை மாற்றினேன். டீசல் முள் எப்போதும் காலி என்று காட்டியது. டேங்க்கைத் திறந்து பார்த்தால் உள்ளே மிதக்க வேண்டிய பித்தளை டப்பியில் ஊசித்துளை, டீசல் குடித்து அடியில் போய்க் கிடந்தது. அதை வடித்து, துடைத்து, ஈயம் வைத்து அடைத்தேன். ஸ்பீடோமீட்டர் கேபிளை மாற்றினேன். ஆயில் விளக்குக்குப் புது சுவிட்ச் போட்டேன். அதெல்லாம் உண்மையான வேலை. இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன்.

கடைசியில் டெம்பரேச்சர் சென்சார். இஞ்சினில் திருகியிருக்கும், தண்ணீரின் சூட்டை முள்ளுக்குச் சொல்வது அதுதான். உப்பு பூத்து அதுவும் இஞ்சினும் ஒன்றாகியிருந்தது. ஸ்பேனர் போட்டு இழுத்தேன், அசையவில்லை. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் முறிந்துவிடும். முறிந்தால் இஞ்சினின் மேல் பாதியைக் கழற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை. விடிந்தால் எஃப்சி. நான் டிராயரைத் திறந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து நடுவில் நின்றது. "ஏ அப்பா, கல்யாண மாப்பிள்ள மாதிரில்லா நிக்கான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

எஃப்சி கிடைத்தது. ஊருக்குத் திரும்பும்போது கடையில் நிறுத்தினான். நான் டேப்பைக் கிழித்து அந்தக் கண்ணாடியில் ஒட்டினேன். "அடுத்த வாரம் கொண்டா, கழத்திப் புதுசு போட்டுருவோம்" என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவனுக்கு லோடு நடை இருந்தது, எனக்குக் கடையில் வேலை இருந்தது. உள்ளதைச் சொன்னால் அண்ணன் வண்டி என்பதால்தான் தள்ளிப் போட்டேன். அந்நிய மனிதன் என்றால் வந்து கத்துவான், அதற்குப் பயந்தாவது செய்திருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் கடைக்குப் பூஜை போட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் பொரிகடலையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினியும் அவளுடைய தம்பியும் வண்டியைக் கழுவி முடித்திருந்தார்கள். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், லீவுக்கு வந்திருந்தான். அண்ணனைப் பெரியத்தான் என்றும் என்னைச் சின்னத்தான் என்றும் கூப்பிடுவான். நல்ல பையன். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன். அண்ணன் குளிக்கப் போயிருந்தான்.

வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, உள்ளே டேஷ்போர்டு பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு மீட்டர் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு, அதில் குங்குமம். டேப்பைக் காணோம்.

"என்ன கொழுந்தனாரே அப்படிப் பாக்குதிய? அந்தக் கண்ணாடியில என்னத்தையோ கருப்பா அப்பி வச்சிருந்தாவ உங்கண்ணன். மண்ணெண்ணெ போட்டுத் தேச்சு எடுத்தேன். இப்ப நல்லாருக்கா?"

"நல்லாருக்கு மதினி" என்றேன்.

ஓட்டுகிறவன் அண்ணன்தானே, அவனுக்குத் தெரியும்தானே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அவ்வளவு தூரம் நினைக்கவே இல்லை. நல்ல நாளும் அதுவுமாய் அவள் தேய்த்து மினுக்கியதில் எதற்கு ஒரு கறுப்பு என்று விட்டுவிட்டேன். டேப் சுருள் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். அண்ணன் காலையில் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியிருக்கிறது. பேச மூச்சு இல்லை. காலைப் பஸ் போய்விட்டது. மதினியின் தம்பி பொங்கலுக்கு வந்தவன் இன்னும் ஊரில்தான் இருந்தான். மூட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான். முன்சீட்டில் நடுவில் மதினி, ஓரத்தில் அவள் தோளில் சாய்ந்தபடி அண்ணன். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து மைல்.

அவன் நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறான். மேடு பள்ளத்தில் தூக்கிப் போடாமல், அதே சமயம் விரட்டி. திருப்பூரில் கம்பெனி வண்டி ஓட்டியவன், மீட்டரைப் பார்த்து ஓட்டிப் பழகியவன். வாடை வருகிறதே என்று இரண்டு தடவை சந்தேகப்பட்டு முள்ளைப் பார்த்திருக்கிறான். முள் நடுவில் நின்றது. பழைய வண்டி, ஏதோ வாடை என்று ஓட்டினான். எட்டயபுரத்துக்கு ஐந்தாறு மைல் இருக்கும்போது இஞ்சின் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பின்னால் கேனில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தது. நின்ற இஞ்சினுக்கு அதை ஊற்றி என்ன ஆகப்போகிறது?

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஒரு பஸ் வந்தது. அதில் தூக்கிப் போட்டார்கள். அந்த டிரைவர் அண்ணாச்சி மகராசன், எங்கேயும் நிறுத்தாமல், ஸ்டாண்டுக்கும் போகாமல், ஆட்களோடு பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். என் கடை வழியாகத்தான் போயிருக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பஸ் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இவனுக்கு என்ன கேடு, இப்படி விரட்டுதான்" என்று பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னேன். பேட்டரி டெர்மினலைச் சுரண்டிக்கொண்டிருந்த நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உள்ளே என் அண்ணன் இருந்தான்.

நான் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க டாக்டர்களுக்கு யாராவது படித்துக் கொடுத்தால் தேவலை. மதினி அதைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "எம்புருசன வழியில போட்டு வேக வச்சிட்டியே பாவி!" அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "முள்ளு நடுவுலதான் நின்னுச்சுக்கா. நான் பாத்துட்டேதான் வந்தேன்." நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் அண்ணன் போன துக்கம் என்று நினைத்தார்கள்.

வீட்டில் கிடத்திய பிறகு மதினி வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். "பேச முடியல அவியளுக்கு. கையத் தூக்கித் தூக்கி முன்னால காட்டுனாவ. அங்கனதான சாமி படம் இருக்கு. திருநீற எடுத்துப் பூசிவிட்டேன். பெறவும் காட்டுனாவ. சாமியக் காட்டிக்கிட்டேதான் போயிருக்காவ எந்தெய்வம்." பெண்கள் எல்லாரும், கொடுத்து வைத்த சாவு, நல்ல ஆத்மா என்று அவளைத் தேற்றினார்கள். சாமி படத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாடை பிடித்துவிட்டான். மூச்சு இல்லாதபோதும் அந்த மூக்கு வேலை செய்திருக்கிறது. நிறுத்து, தண்ணீர் ஊற்று, அதை நம்பாதே என்று கடைசிவரை சொல்லிப் பார்த்திருக்கிறான். அவன் நெற்றி முழுக்கத் திருநீறு அப்பியிருந்தது.

காடாற்று முடிந்த மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். ரோட்டோரம் தள்ளி விட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செத்த இஞ்சினில் முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. நான் மீட்டர் பெட்டியை இழுத்து அந்த ரெசிஸ்டரைப் பிய்த்தேன். வேலிக்கருவைப் புதருக்குள் தூக்கி எறிந்தேன். நாளைக்கு இதை எவனாவது திறந்தால் ஒரு நொடியில் கண்டுபிடிப்பான், அதுவும் என் வேலை என்று நான் வயரை முறுக்கியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவான். அந்தப் பயம்தான். வேறு எந்த எண்ணமும் அப்போது இல்லை.

அதனால் என்ன ஆகும் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வண்டியைக் கட்டி இழுத்து எங்கள் வரிசையிலேயே ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். உறவுக்காரர்கள் பத்துப் பேர் கூடி நின்றார்கள். முள் நடுவில் நின்றது என்று மதினியின் தம்பி மறுபடியும் சொன்னான். மெக்கானிக் சாவியைத் திருப்பினார். முள் படுத்த படுக்கையில் கிடந்தது, அசையவே இல்லை. "இந்த மீட்டரு செத்து எத்தன காலமாச்சோ. இதுல முள்ளு நடுவுல நின்னுச்சாம்லா!" என்று மெக்கானிக் சிரித்தார். அவன் குனிந்து கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "நின்னுச்சு அண்ணாச்சி. சத்தியமா நின்னுச்சு." ஒருத்தரும் நம்பவில்லை. பதற்றத்தில் எதையும் பார்க்காமல் ஓட்டிவிட்டு இப்போது பொய் வேறு சொல்கிறான் என்று அவன் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். புருஷன் போனவளுக்கு உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற சேலை. அவன் கோடியோடு வாசலில் நின்றான். மதினி எழுந்து வந்து, "கொன்னவன் கையால எனக்குக் கோடி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் சேலையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தான். ஒருவரும் அவனை எழுப்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

பத்து நாள் கழித்து அவனுடைய மனைவி என் கடைக்கு வந்தாள். கைக்குழந்தை இடுப்பில் இருந்தது.

"திருப்பூருக்குப் போக மாட்டேங்காவ. சோறு திங்க மாட்டேங்காவ. நின்னுச்சு நின்னுச்சுன்னு ஒறக்கத்துலயும் பெனாத்துதாவ. கெணத்துப் பக்கமாவே போயி நிக்காவ. எனக்குப் பயமா இருக்குண்ணாச்சி. நீங்க மீட்டரு வேல பாக்குறவிய. அப்படி நிக்கும், நிக்கத்தான் செய்யும்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. பொய்யின்னாலும் சொல்லுங்க."

பொய்யாம்! என்னிடம் வந்து பொய் கேட்டாள். அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மதினி அடுப்படியில் இருந்தாள். வாசற்படியிலேயே நின்று சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தால் சொல்லாமல் திரும்பிவிடுவேன் என்று தெரியும். "முள்ளு நடுவுல நின்னது நெசம் மதினி. எஃப்சிக்காக நான்தான் அப்படி நிக்க வச்சேன். அண்ணனுக்குத் தெரியும். ஒங்க தம்பிக்குத் தெரியாது. பெறவு பயந்துபோய் அதப் பிச்சு எறிஞ்சதும் நான்தான். அவன் சொன்னதுல ஒரு சொல்லுகூடப் பொய் இல்ல."

டேப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், அதைத் தேய்த்து எடுத்தவள் அவள். மிச்ச ஆயுசுக்கும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அவிய கையத் தூக்கிக் காட்டுனது?"

"சாமியத்தான் மதினி" என்றேன். "சாமியத்தான் காட்டியிருப்பான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இனிமே இந்த வாசல்ல மிதிக்காதீய" என்றாள். நான் திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதற்கும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆனதை டிங்கரிங் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் போய்ச் சொன்ன நாலாவது நாள் மதினியின் தம்பி என் கடைக்கு வந்தான். கையில் பை, திருப்பூருக்குக் கிளம்பிவிட்டான். முகம் மழித்திருந்தது. அக்கா வரச் சொல்லி ஆள் விட்டாள், கோடியை வாங்கிக்கொண்டாள் என்றான். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றான். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"சின்னத்தான், ஒண்ணு கேப்பேன். ஆயுத பூசையன்னைக்கு வண்டி கழுவையில அக்கா ஒரு கருப்பு டேப்பத் தேச்சு எடுத்தா. எதுக்கு ஒட்டியிருக்குன்னு அப்பவே யோசிச்சேன். அது நீங்க ஒட்டுனதுதான?"

"ஆமா."

"நம்பாதன்னு சொல்லுறதுக்கா?"

"ஆமா."

அவன் கண் கலங்கிவிட்டது. "அப்ப நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சுதான் அனுப்பியிருக்கிய. அக்காவுக்கு அது தெரியக் கூடாதுன்னு மொத்தத்தையும் ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டிய. அவ ஒங்கள வாசல்ல மிதிக்காதீயன்னு சொன்னப்பவும் வாயத் தெறக்கலியே நீங்க. இந்த மனசு யாருக்குத்தான் வரும்?"

அவன் பையைக் கீழே வைத்தான். அன்றைக்குப் பொட்டு வைத்த அந்தக் கண்ணாடியை என் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் செய்யாமல் வந்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். எத்தனை வார்த்தை ஆகும்? வாய்வரை வந்தது. இவன் ஒருத்தனாவது என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போகட்டுமே என்று இருந்தது. அவன் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.